ஸ்லம்டாக் மில்லியனர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2008-ல் வந்த படம். இன்றும் யாராவது புதிதாகப் பார்த்துவிட்டு வந்து இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

கதை என்ன, சுருக்கமாக?

மும்பை, 2006. ஜமால் மாலிக்குக்கு 18 வயது. ஒரு கால் சென்டரில் டீ கொடுக்கும் பையன். ‘கோடீஸ்வரன்’ மாதிரியான வினாடி வினா நிகழ்ச்சியில் கலந்துகொண்டு 1 கோடி வரை வந்துவிட்டான். இன்னும் ஒரே ஒரு கேள்வி. சரியாகச் சொன்னால் 2 கோடி. அதற்குள் அன்றைய நேரம் முடிந்து சங்கு ஊதிவிடுகிறது. வெளியே வந்தவனைப் போலீஸ் வேனில் ஏற்றுகிறார்கள். டாக்டர்களும் வக்கீல்களும் சில ஆயிரங்களைத் தாண்டாத இடத்தில் சேரிப் பையன் எப்படி ஜெயிப்பான், ஏமாற்றியிருப்பான் என்பது சந்தேகம். ராத்திரி முழுக்க அடி, மின்சார ஷாக். காலையில் இன்ஸ்பெக்டர் நிகழ்ச்சியின் வீடியோவைப் போட்டு ஒவ்வொரு கேள்வியாக நிறுத்தி, “இது உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்கிறார். ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் அவன் வாழ்க்கையில் ஒரு துண்டு இருக்கிறது. அந்தத் துண்டுகளைச் சேர்த்தால் அண்ணன் சலீம், கலவரத்தில் செத்துப்போன அம்மா, தொலைந்து தொலைந்து கிடைக்கும் சிறுவயதுத் தோழி லத்திகா என்று முழுப் படமும் கிடைத்துவிடும்.

உண்மைக் கதையா?

இல்லை. விகாஸ் ஸ்வரூப் என்ற இந்திய வெளியுறவுத் துறை அதிகாரி எழுதி 2005-ல் வெளியான ‘க்யூ அண்டு ஏ’ நாவல்தான் மூலம். சைமன் பியூஃபாய் திரைக்கதை எழுத, டேனி பாயில் இயக்கினார். இந்தியப் பகுதிக்கு லவ்லீன் டண்டன் இணை இயக்குநர்.

ஆனால் நாவலுக்கு உண்மையில் ஒரு பொறி இருந்தது. 2001-ல் இங்கிலாந்தில் இதே நிகழ்ச்சியின் மூலப் பதிப்பில் 10 லட்சம் பவுண்டு ஜெயித்த ஒரு ராணுவ மேஜர், பார்வையாளர் பக்கத்திலிருந்து வந்த இருமலை வைத்து விடை கண்டுபிடித்தார் என்று வழக்குப் போட்டு, தண்டனையும் கிடைத்தது. படித்த, பதவியில் இருந்த மனிதரையே சந்தேகப்பட்டார்கள் என்றால், ஒன்றுமில்லாதவன் ஜெயித்தால் என்ன செய்வார்கள்? அங்கேயிருந்து கிளம்பியதுதான் கதை.

நாவலுக்கும் படத்துக்கும் வித்தியாசம் உண்டா?

கொஞ்சநஞ்சம் இல்லை. நாவலின் நாயகன் பெயர் ராம் முகம்மது தாமஸ். பெயரிலேயே மூன்று மதம். அவன் அனாதை. சலீம் அங்கே நண்பன், அண்ணன் இல்லை. பரிசு 100 கோடி. காதலி வேறு ஒருத்தி, அவள் வருவதும் பின்னால்தான். படம் இதையெல்லாம் கலைத்துப்போட்டு, சிறுவயதிலேயே மூன்று பிள்ளைகளை மழையில் ஒன்றாக நிறுத்தி, கடைசி வரை அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே போகிறது.

என்னைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் வேறு. நாவலில் ராம் எந்த முடிவுக்கும் ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பான். எல்லாம் முடிந்தபிறகு அந்த நாணயத்தைக் காட்டுகிறான்: இரண்டு பக்கமும் தலைதான். அதிர்ஷ்டம் என்று நாம் நினைத்ததெல்லாம் அவன் முன்பே எடுத்துவைத்திருந்த முடிவு. இனி வேண்டாம் என்று தூக்கியும் எறிந்துவிடுகிறான். படமோ நேர் எதிர்த் திசையில் போகிறது. தொடக்கத்திலேயே திரையில் ஒரு கேள்வி வருகிறது: இவன் எப்படி ஜெயித்தான்? ஏமாற்றினானா, அதிர்ஷ்டமா, மேதையா, இல்லை எழுதியிருந்ததா? கடைசியில் விடை: “எழுதியிருந்தது.” ஒரே கதை, இரண்டு தீர்ப்பு.

அப்படியென்றால் விதியை நம்பச் சொல்கிறதா படம்?

மேலோட்டமாகப் பார்த்தால் ஆமாம். ஆனால் நம்மூர்க் காதில் இது கொஞ்சம் விசித்திரமாக விழும். ‘தலையெழுத்து’ என்ற சொல்லை நாம் எப்போது எடுக்கிறோம்? ரேஷன் கடையில் நம் முறை வரும்போது அரிசி தீர்ந்தால், குடிகாரனுக்கு வாக்கப்பட்டால், மழை பெய்து கூரை ஒழுகினால். லாட்டரி விழுந்தவன் “எல்லாம் என் தலையெழுத்து” என்று சொல்லி யாராவது கேட்டிருக்கிறீர்களா? கஷ்டத்தைச் சகித்துக்கொள்ள வைத்திருக்கும் சொல் அது. படம் அந்தச் சொல்லையே எடுத்து, நல்லது நடந்ததற்குக் காரணமாக வைக்கிறது. ஏழைகளுக்கு அது புது ருசிதான்.

ஊழைவிடப் பெரிய பலம் எது என்று கேட்ட வள்ளுவரே, சோராமல் உழைப்பவன் ஊழையும் புறங்காண்பான் என்று இன்னொரு அதிகாரத்தில் எழுதினார். படம் முதல் குறளோடு நிற்கிறது, நாவல் இரண்டாவதோடு.

சரி, ஜமாலைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அவன் எங்கே விதியை நம்பி உட்கார்ந்தான்? லத்திகாவைத் தேடி மும்பைக்குத் திரும்புகிறான். சிறுவயதில் தன்னைப் பிடித்துவைத்திருந்த பிச்சைக் கும்பலின் தலைவன் கண்ணில் பட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே சிவப்பு விளக்குப் பகுதிக்குள் போகிறான். கால் சென்டரில் இரண்டு நிமிடம் இருக்கை கிடைத்தாலும் கம்ப்யூட்டரில் சலீமின் நம்பரைத் தேடுகிறான். நிகழ்ச்சிக்கு வந்ததும் பணத்துக்கு இல்லை. அவள் அதைப் பார்ப்பாள் என்பதால். என்னைக் கேட்டால், அந்த நான்கு விடையிலும் சரியானது இல்லை. விடாக்கண்டன் என்று ஐந்தாவதாக ஒன்று போட்டிருக்கலாம்.

ஒவ்வொரு கேள்விக்கும் விடை எங்கிருந்து கிடைத்தது?

படத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதல் கேள்வி ‘சஞ்சீர்’ படத்தின் நாயகன் யார் என்பது. அமிதாப் பச்சன் ஹெலிகாப்டரில் வந்து இறங்கியபோது, குட்டி ஜமால் பொதுக் கழிப்பறைக்குள் இருக்கிறான். சலீம் வெளியே தாழ்போட்டுவிடுகிறான். வெளியே வர ஒரே வழி கீழே இருக்கும் மலக்குழி. மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்து, உடம்பெல்லாம் மலத்தோடு ஓடி, கூட்டம் தானாக விலக, கையெழுத்து வாங்கிவிடுகிறான். (அந்தக் காட்சிக்குப் பயன்பட்டது வேர்க்கடலை வெண்ணெயும் சாக்லேட்டும்.) அருவருப்பாகவும் இருக்கும், சிரிப்பும் வரும். அண்ணன் அந்தக் கையெழுத்தையே விற்றுவிடுகிறான் என்பது பிற்பாடு வரும் எல்லாவற்றுக்கும் முன்னோட்டம்.

ராமர் வலது கையில் என்ன இருக்கும்? வில்லும் அம்பும். இது அவனுக்குத் தெரிந்தது பக்தியால் இல்லை. கலவரத்தில் அம்மாவை அடித்துக் கொன்ற அன்று, ஓடும் வழியில் ராமர் வேஷம் போட்ட ஒரு குழந்தை நின்றுகொண்டிருந்தது. “ராமனும் அல்லாவும் இல்லையென்றால் எனக்கு அம்மா இருந்திருப்பாள்” என்ற பொருளில் இன்ஸ்பெக்டரிடம் சொல்வான்.

100 டாலர் நோட்டில் யார் படம்? பெஞ்சமின் பிராங்க்ளின். கண் குருடாக்கப்பட்டுச் சுரங்கப்பாதையில் பாடிப் பிச்சையெடுக்கும் பழைய கூட்டாளி கையில் அந்த நோட்டை வைத்தபோது கற்றுக்கொண்டது. ஆனால் நம் ஆயிரம் ரூபாய் நோட்டில் யார் படம் என்று இன்ஸ்பெக்டர் கேட்டால், காந்தி என்று அவனால் சொல்ல முடியாது. அந்த மாதிரி பெரிய நோட்டு அவன் கைக்கு வந்ததே இல்லை.

தேசியச் சின்னத்தின் கீழே எழுதியிருக்கும் வாசகம்கூட அவனுக்குத் தெரியாது. பார்வையாளர்களைக் கேட்டுத்தான் ‘சத்யமேவ ஜயதே’ என்கிறான். என் ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரியுமே என்று இன்ஸ்பெக்டர் கிண்டல் செய்யும்போது, ஜமால் திருப்பிக் கேட்பான்: சௌபாத்தியில் பானிபூரி என்ன விலை? பத்து ரூபாய். தப்பு, தீபாவளியிலிருந்து பதினைந்து. போன வாரம் சாண்டாகுரூஸ் ஸ்டேஷன் வாசலில் கான்ஸ்டபிளின் சைக்கிளைத் திருடியது யார்? இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை. ஜுஹுவில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும்! அந்த ஒரு நிமிடத்துக்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம். இன்ஸ்பெக்டராக நடித்த இர்ஃபான் கானின் முகம் அப்போது போகிற போக்கைப் பாருங்கள்: கோபம் வர வேண்டிய இடத்தில் மெல்ல ஒரு மரியாதை வந்து உட்கார்கிறது.

கடைசிக் கேள்விக்கு மட்டும் அவனுக்கு விடை தெரியாதே?

தெரியாது. திரைக்கதையின் கெட்டிக்காரத்தனம் அதுதான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அண்ணன் தம்பிக்கு ‘மூன்று மஸ்கட்டியர்’ என்ற பிரெஞ்சு நாவலின் முதல் இரண்டு வீரர்கள் பெயரை வைத்துத்தான் கூப்பிடுவார். மூன்றாவது ஆள் பெயரை அவர்கள் கற்றுக்கொள்ளவே இல்லை. கலவர ராத்திரியில் மழையில் நனைந்து நிற்கும் லத்திகாவை உள்ளே கூப்பிட ஜமால் சொல்லும் காரணமே, அவள் நம் மூன்றாவது மஸ்கட்டியராக இருக்கலாம் என்பது. கடைசிக் கேள்வி அந்த மூன்றாவது பெயர்.

நண்பருக்கு போன் போடுகிறான். அவனுக்குத் தெரிந்த ஒரே நம்பர் சலீமுடையது. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுப்பது லத்திகா. அவளுக்கும் விடை தெரியாது. ஆனால் அவள் குரல் கேட்டுவிட்டது. அதற்கப்புறம் அந்த 2 கோடி வந்தால் என்ன, போனால் என்ன என்று அவன் முகத்திலேயே எழுதியிருக்கிறது. குத்துமதிப்பாக முதல் விடையைச் சொல்கிறான்: அராமிஸ். ஏன் என்று கேட்டால், சும்மா.

படத்தில் தகவல் பிழை ஏதாவது?

உண்டு. ‘தர்ஷன் தோ கன்ஷ்யாம்’ பாடலை எழுதியவர் சூர்தாஸ் என்று படம் சொல்கிறது. அது 1957-ல் வந்த ‘நர்சி பகத்’ இந்திப் படத்துக்காக கோபால் சிங் நேபாளி எழுதியது. உண்மையான நிகழ்ச்சியாக இருந்திருந்தால் ஜமால் அங்கேயே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்!

இன்னும் இரண்டு. இந்த நிகழ்ச்சிகள் முன்கூட்டியே பதிவுசெய்யப்படுபவை. படத்தில் நாடே நேரலையாகப் பார்க்கிறது. அப்புறம், 2006-ல் 18 வயது என்றால் 1992-93 மும்பை கலவரத்தின்போது அவன் நாலைந்து வயதுக் குழந்தை. திரையில் ஓடுவதோ ஏழு வயது மதிக்கத்தக்க பையன். தாஜ்மகாலில் வெள்ளைக்காரர்களுக்குக் கதை அளந்தே வளர்ந்த பிள்ளைகள் திடீரென்று லண்டன் ஆங்கிலம் பேசுவதை நான் பிழைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது ஜமாலாக நடித்த டேவ் படேல் லண்டனில் பிறந்து வளர்ந்ததால் வந்த வினை.

நிகழ்ச்சி அரங்கும் இசையும் மட்டும் அச்சு அசலாக இருக்கிறதே என்று கேட்பார்கள். படத்தைத் தயாரித்த செலடார், அந்த நிகழ்ச்சியையே முதன்முதலில் உருவாக்கிய நிறுவனத்தின் கிளைதான்.

வறுமையை வெளிநாட்டுக்கு விற்ற படம் என்கிறார்களே?

2009 ஜனவரி 23-ல் இந்தியாவில் வெளியானபோது இந்தச் சண்டை பெரிதாக நடந்தது. தலைப்பில் ‘நாய்’ என்ற சொல் இருப்பதைச் சேரி மக்கள் எதிர்த்தார்கள். பாட்னாவில் திரையரங்கு முன் கலாட்டாவே ஆனது. அந்தக் கோபம் நியாயமானது. அப்படி ஒரு வசவு மும்பைத் தெருவில் புழக்கத்தில் இருந்ததில்லை. திரைக்கதை எழுதியவர் தானே உருவாக்கிய சொல். தன் சேரியைப் பற்றி யாரோ லண்டனில் உட்கார்ந்து ஒரு பெயர் வைத்தால் யாருக்குத்தான் சுருக்கென்று தைக்காது?

ஆனால் “நம் அழுக்கை ஏன் காட்டினான்” என்ற வாதம் எனக்கு ஒப்பவில்லை. 2011 கணக்கெடுப்பில் மும்பை மாநகரத்தில் பத்துப் பேரில் நான்கு பேருக்கு மேல் குடிசைப்பகுதியில் இருந்தார்கள். அவர்களைக் காட்டாமல் மும்பையைக் காட்டுவதுதான் பொய். என் புகார் வேறு. படம் சேரியின் வேகத்தைப் பிடித்த அளவுக்கு அதன் வேலையைப் பிடிக்கவில்லை. தாராவியில் தோல் பட்டறை, குயவர் சூளை, பிளாஸ்டிக் பிரிப்பு, தையல் என்று ஒவ்வொரு சந்திலும் யாராவது உழைத்துக்கொண்டே இருப்பார்கள். நெல்லைச் சீமையிலிருந்து போய்த் தலைமுறைகளாக அங்கே வாழும் தமிழர்களைக் கேட்டால், பிச்சைக் கும்பலைவிடப் பட்டறை முதலாளியைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். படத்தில் சேரி என்றால் ஓடும் இடம், தப்பிக்கும் இடம். பிழைக்கும் இடமாக அது வருவதே இல்லை.

எங்கே எடுத்தார்கள்? ஏன் படம் இப்படி ஆடிக்கொண்டே ஓடுகிறது?

2007 நவம்பரில் தொடங்கி மும்பையின் தாராவி, ஜுஹு பகுதிகளிலும், விடி என்று எல்லோரும் சொல்லும் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்திலும், ஆக்ராவிலும். பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் போனால் ஊரே கூடிவிடும் என்பதால், கையடக்கமான டிஜிட்டல் கேமராக்களைப் பயன்படுத்தினார்கள். ஒளிப்பதிவாளர் ஆன்டனி டாட் மான்டிலுக்கு ஆஸ்கர் கிடைத்தது. பெரும்பகுதி டிஜிட்டலில் எடுத்த படம் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் தடவை. சிறுவர் பகுதி இந்தியில் இருப்பது லவ்லீன் டண்டன் பிடித்த பிடிவாதம். நல்ல பிடிவாதம்.

ரஹ்மானைத் தவிரத் தமிழ்த் தொடர்பு உண்டா?

ரஹ்மானிலிருந்தே தொடங்கலாம். 2009 பிப்ரவரி 22 அன்று நடந்த ஆஸ்கர் விழாவில் படம் 8 விருது வாங்கியது. அதில் இரண்டு அவருக்கு: பின்னணி இசை, மற்றும் பாடலாசிரியர் குல்சாரோடு சேர்ந்து ‘ஜெய் ஹோ’ பாடல். மேடையில் “எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்று தமிழில் சொன்னார். அதிகாலையில் டிவி முன் உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டில் அப்போது யாரும் பேசவில்லை.

பலர் கவனிக்காதது இன்னொன்று. குடிசைகளுக்கு நடுவே பிள்ளைகளைப் போலீஸ் துரத்தும் ‘ஓ சாயா’ பாடலை ரஹ்மானோடு சேர்ந்து உருவாக்கியவர் எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, போரினால் அகதியாக மறுபடி லண்டன் போனவர். அந்தப் பாட்டும் ஆஸ்கருக்குப் பரிந்துரையானது. ரயில் கூரையில் பிள்ளைகள் ஊர் ஊராகத் திரியும்போது ஒலிப்பதும் அவர் பாட்டுதான். வீடு இழந்து ஓடுகிற குழந்தைகளின் காட்சிக்கு அந்தக் குரல் வந்து சேர்ந்ததை நான் தற்செயல் என்று விட்டுவிட மாட்டேன். ‘ஜெய் ஹோ’வில் வரும் ஸ்பானிய வரிகளை எழுதிப் பாடிய தன்வி ஷாவும் சென்னைக்காரர்.

காதல் கதை நம்பும்படி இருக்கிறதா?

பாதிதான். லத்திகாவுக்குப் படம் தனியாக ஒரு மனசு கொடுக்கவில்லை. அவள் எப்போதும் யாராவது பிடித்து வைத்திருக்கும் பெண். ஜமால் வந்து மீட்க வேண்டும். அவளை ஒரு நாள் உட்கார வைத்து, “உனக்கு எப்படித் தெரியும்?” என்று யாராவது கேட்டிருந்தால், அவளுடைய விடைகள் ஜமாலுடையதைவிடக் கனமாக இருந்திருக்கும். லத்திகாவாக நடித்த ஃப்ரீடா பின்டோ இருக்கும் கொஞ்ச நேரத்தில் கண்ணாலேயே சமாளிக்கிறார்.

சலீம்தான் எனக்குச் சுவாரசியமானவன். தம்பியைக் காப்பாற்றியவனும் அவன், லத்திகாவைப் பறித்தவனும் அவன். கடைசியில் அவளைத் தப்பிக்க விட்டு, குளியல் தொட்டி நிறைய ரூபாய் நோட்டைக் கொட்டி அதில் படுத்துச் சாகிறான். தம்பி அரங்கில் பணம் ஜெயிக்கிற அதே நேரத்தில் அண்ணன் பணத்துக்குள் கிடக்கிறான்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். குழந்தையின் கண்ணைக் குருடாக்கும் காட்சியும் போலீஸ் சித்திரவதையும் தூக்கத்தைக் கெடுக்கும். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிறவர்களோடு பார்க்கலாம்.

நடித்த சேரிக் குழந்தைகள் என்ன ஆனார்கள்?

சிறுவயது சலீமாகவும் லத்திகாவாகவும் நடித்த இருவரும் பாந்த்ராவின் குடிசைப் பகுதியிலிருந்து வந்தவர்கள். ஆஸ்கர் மேடைக்குப் போய்வந்த சில மாதங்களில், 2009 மே மாதம், அவர்கள் குடிசைகள் இடிக்கப்பட்டன. படக் குழுவினர் ஓர் அறக்கட்டளை அமைத்து வீட்டுக்கும் படிப்புக்கும் ஏற்பாடு செய்தார்கள். பள்ளிப் படிப்பை முடித்து 18 வயது ஆனதும் கிடைக்கும்படி ஒரு தொகையும் வைத்தார்கள். 1.5 கோடி டாலர் செலவில் எடுத்து 37 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம், பிள்ளைகளுக்குக் கொடுத்தது போதுமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அது நியாயமான கேள்விதான்.

நிஜத்தில் இப்படி யாராவது ஜெயித்திருக்கிறார்களா?

2011-ல் பீகாரின் மோதிஹாரியைச் சேர்ந்த சுஷில் குமார், குறைந்த சம்பளத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தவர், இதே நிகழ்ச்சியின் இந்திப் பதிப்பில் 5 கோடி வென்றார். பத்திரிகைகள் உடனே இந்தப் படத்தின் பெயரைத்தான் அவருக்கு ஒட்டின. பணம் கிடைத்தபின் வந்த வருடங்களே தன் வாழ்வில் மோசமானவை என்று பிற்பாடு அவரே எழுதினார். படம் அந்த இடத்துக்கு வருவதற்குள் முடிந்துவிடுகிறது.

கடைசியில் ரயில்வே பிளாட்பாரத்தில் எதற்கு டான்ஸ்?

வெளிநாட்டு விமர்சகர்கள் இதற்கு ஆயிரம் விளக்கம் எழுதினார்கள். நமக்கு விளக்கம் தேவையில்லை, கடைசி ரீலில் ஒரு பாட்டு வேண்டும், அவ்வளவுதான். படத்தின் பிற்பகுதியில் அந்த ரயில் நிலையத்தில் ஜமால் தினமும் ஐந்து மணிக்கு லத்திகாவுக்காகக் காத்திருப்பான். ஒருமுறை அவள் வந்தபோது சலீமின் ஆட்கள் கண்ணெதிரே தூக்கிக்கொண்டு போனார்கள். ஆகவே ஆட வேண்டிய இடமும் அதுதான்.

அமெரிக்காவில் படம் வெளியானது 2008 நவம்பர் 12. இரண்டு வாரம் கழித்து, 26-ம் தேதி ராத்திரி, அதே விடி நிலையத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜனவரியில் நாங்கள் தியேட்டரில் பார்த்தபோது, ‘ஜெய் ஹோ’ தொடங்கியதும் முன்வரிசையில் விசிலடித்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மட்டும் பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து விளக்குப் போட்ட பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.